சந்து முனையில் நின்ற வெள்ளை வண்டி

டெஹ்ரானில் வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் ஜன்னலைத் திறந்து மலை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மலை தெரிந்தால் விலையே வேறு. மஹ்லகா ஜன்னல் பக்கம் போகமாட்டாள். கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நேரே லிஃப்டுக்குள் நுழைவாள். பின்சுவரில் நுனியை வைத்துக் கதவு வரை இழுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணைப் படிப்பாள்.

"கானும், லாபியப் பாருங்க. இத்தாலிப் பளிங்கு," என்றான் வீட்டுத் தரகன் பெஹ்ரங். "மொட்டை மாடில தோட்டம். கீழ நீச்சல் குளம். எஞ்சினியருக்கு ரெண்டு கார் நிறுத்த இடம்."

கானும் என்றால் அம்மணி. எஞ்சினியர் என்று அவன் சொன்னது அவள் மகன் நோசரை. நோசர் பல் வைத்தியர்களின் நாற்காலிகளை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கிறவன். ஆனால் நல்ல சட்டை போட்ட எவனும் தரகர்களுக்கு எஞ்சினியர்தான்.

"பளிங்கு இருக்கட்டும் தம்பி. ஒரு ஆளப் படுக்க வச்சு இதுக்குள்ள கொண்டுபோக முடியாது."

"படுத்துக்கிட்டு யாரு கானும் லிஃப்ட்ல போவா? கடவுள் அப்படி ஒரு நாளக் காட்டாம இருக்கட்டும்."

"காட்டுவாரு. நீ அடுத்த வீட்டக் காட்டு."

அவள் முப்பது வருஷம் அரசு மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவள். நர்ஸ்கள் கையெழுத்துப் போடுவார்கள். மஹ்லகா தூக்குவாள், துடைப்பாள், புரட்டிப் படுக்கவைப்பாள். மனிதர்கள் வியாதியால் சாவதைவிட, வியாதிக்கும் வைத்தியத்துக்கும் நடுவில் உள்ள மாடிப்படிகளில் சாவதை அதிகம் பார்த்திருக்கிறாள்.

அவள் புருஷன் ஈரஜுக்கு நுரையீரல் போய்விட்டது. சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது என்று போடாமலே இருந்து, இப்போது முகமூடி இல்லாவிட்டால் மூச்சு முட்டுகிறது. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் தள்ளுவண்டி மாதிரி ஓர் ஆக்ஸிஜன் இயந்திரம். அவர் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார். "ஓயாம முணுமுணுக்குது. ஆனா அது இல்லாம வீடு நடக்காது."

அவர்கள் இருந்தது ஊரின் தெற்கே, நாஸி ஆபாத்தில். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. குளிர்காலத்தில் ஊருக்கு மேல் புகை வந்து மூடிபோட்டு உட்கார்ந்துகொள்ளும், பள்ளிக்கூடங்களை மூடிவிடுவார்கள், ஈரஜின் உதடு நீலமாகும். போன குளிர்காலத்தில் ஒருநாள் அவரைக் கம்பளியில் சுருட்டி, ரொட்டிக் கடைக்காரனும் கீழ்வீட்டு அண்ணன் தம்பிகளும் நான்கு மூலையைப் பிடித்து இறக்கினார்கள். திருப்பத்தில் ஒருவன் கால் வழுக்கியது. அன்றைக்கே மஹ்லகா தீர்மானித்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது அழகான வீடு இல்லை. ஈரஜின் மூச்சு அடங்குவதற்குள் அவரை மருத்துவமனைக் கட்டிலில் சேர்க்க முடிகிற வீடு. அவ்வளவுதான்.

நோசருக்கு வியாபாரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த சமயம். தெற்கு வீட்டையும், ஈரஜின் பங்குக்கு வந்த ஒரு துண்டு நிலத்தையும் விற்று, மிச்சத்தை அவன் போடுவதாக ஏற்பாடு. அதனால் அவனும் வீடு பார்க்கக் கூடவே வந்தான். அவனுக்குப் பிடித்தது மேற்கே புதிதாக வெட்டிய ஏரிக்கரையில் இருந்த கோபுர வீடு.

"பெரிய ரோடு, பெரிய லிஃப்ட். நீ கேட்டதெல்லாம் இருக்கும்மா."

"லிஃப்ட் சரி. கட்டடம் கட்டற மண்ணெல்லாம் காத்துல வருது. அங்கேருந்து நுரையீரல் ஆஸ்பத்திரி ஊரோட மறுகோடி. சாயங்காலம் அந்த நெடுஞ்சாலைல ஆம்புலன்ஸ் சங்கு ஊதிக்கிட்டு நிக்கும். உங்கப்பா உள்ள படுத்துக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டிருப்பாரு."

"எல்லா எடத்துலயும் ஒரு குறை சொல்றே."

"எல்லா எடத்துலயும் ஒரு குறை இருக்கு. எந்தக் குறையோட நாம உசிரோட இருக்க முடியும்னு பாக்கறேன்."

ஈரஜ் காரின் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "என்னை மட்டும் அளக்காம விட்டா சரி."

"உங்களயும் அளந்தாச்சு. ஸ்ட்ரெச்சருக்கு வெளிய கால் ஒரு சாண் நீட்டிக்கிட்டிருக்கும்."

கடைசியில் அவள் நாடா ஒப்புக்கொண்ட வீடு வடகிழக்கில், மலையடிவாரத்தில், தராபாத்தில் கிடைத்தது. புதுக் கட்டடம், அஞ்சு மாடி. லிஃப்டில் ஸ்ட்ரெச்சரைப் படுக்கைவசமாகத் தள்ளலாம். கழிவறைக் கதவு சக்கர நாற்காலிக்கு அகலம். மின்சாரம் போனால் கீழே ஜெனரேட்டர். பால்கனியில் நின்றால் மரங்களுக்குக் கீழே நுரையீரல் மருத்துவமனையின் கூரையே தெரிந்தது. காற்றில் பனியின் வாசனை. விலையைக் கேட்டு ஈரஜுக்கு இயந்திரம் இருந்தும் ஒரு நிமிஷம் மூச்சு நின்றது.

ஒரு குறை இருந்தது: சந்து. பெரிய தெருவிலிருந்து மேட்டில் ஏறும் முட்டுச் சந்து. அதன் வாயில் இடதுபக்கம் பருத்த சினார் மரம், வலதுபக்கம் ஒரு பழைய வீட்டின் சுவர். சுவரை ஒட்டி மலைத் தண்ணீர் ஓடுகிற திறந்த கால்வாய். அவர்கள் பார்க்க வந்தது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. சந்து துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. மஹ்லகா மரத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில் நாடாவைப் பிடித்தாள். மறுமுனையைப் பெஹ்ரங் குனிந்து பிடித்துக்கொண்டு, "கானும், முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், சந்த அளந்த முதல் ஆள் நீங்கதான்," என்றான்.

ஆம்புலன்ஸ் போகும். தாராளமாகப் போகும். வாங்கிவிட்டார்கள்.

குடிவந்த அன்று முறைப்படி கண்ணாடியும் குர்ஆனும் முதலில் உள்ளே போயின. சாமான் லாரி போகவில்லை. பழைய வீட்டுச் சுவரோரமாக, இரண்டு சக்கரம் கால்வாய் விளிம்பில் ஏறி, பின்பாகம் சந்துக்குள் நீட்டிக்கொண்டு ஒரு பெரிய வெள்ளைக் கார் நின்றது. சின்னக் கார்கள் பக்கக் கண்ணாடிக் காதுகளை மடக்கிக்கொண்டு போய்வரலாம், லாரிக்கு வழியில்லை. சுமைகூலிக்காரர்கள் அந்தக் காரின் ஏழு தலைமுறையைத் திட்டியபடி பீரோவை மேட்டில் தூக்கிப்போனார்கள். மஹ்லகா மரத்தடியில் நின்று காருக்கும் மரத்துக்கும் நடுவில் பார்த்தாள். நாடாவை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் கதவு தட்டினார்கள். பழைய வீட்டுக்காரர் கர்னல் சர்ஷார், அவர் மனைவி அக்தஸ். ராணுவத்தை விட்டுப் பல வருஷமானாலும் முதுகு வளையாதவர். காலணியில் முகம் தெரியும். அக்தஸ் கையில் மூடிய கிண்ணத்தில் கீரையும் நூடுல்ஸும் போட்ட சூடான கஞ்சி.

"உங்க காலடி பட்டு எங்க சந்து தோட்டமாயிடுச்சு, கானும்," என்றாள் அக்தஸ்.

"நீங்கதான் இதோட பூ. நாங்க மண்ணு," என்றாள் மஹ்லகா. கைகள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டன. நாஸி ஆபாத் உச்சரிப்பு வாயில் வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

உட்காரச் சொல்லி, தேநீர் வந்து, சர்க்கரைக்கட்டி வந்து, விசாரிக்க வேண்டியவர்களை எல்லாம் விசாரித்து முடித்தபின் கர்னல் ஈரஜின் மூக்குக் குழாயைப் பார்த்தார். தேநீரைக் கீழே வைத்தார்.

"முனையில நிக்கற வண்டி என் மகன் கியானூஷோடது. அவன் கல்யாணத்துக்கப்பறம் கார் ஷெட்ட அறையா மாத்திட்டோம். உங்களுக்கு இடைஞ்சலா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துடச் சொல்றேன்."

"ஐயோ, என்ன பேச்சு இது. சந்து உங்களோடது. நாங்க இன்னிக்கு வந்தவங்க."

"இல்ல கானும். லாரி திரும்பிப் போனத நான் ஜன்னல்லேருந்து பார்த்தேன்."

"அது லாரிக்காரனுக்கு ஓட்டத் தெரியல, கர்னல்."

இந்த ஊரில் உபசாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பழக்கடைக்காரன், "காசா? உங்ககிட்டயா? வச்சுக்கோங்க" என்பான், வைத்துக்கொண்டு நடந்தால் பின்னாலேயே ஓடி வருவான். முதல் தடவை சொல்வது பழக்கம். இரண்டாம் தடவை மரியாதை. மூன்றாம் தடவையும் ஒருவர் அதையே சொன்னால் அது நிஜம், வாங்கிக்கொள்ளலாம். குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

கர்னல் மூன்றாம் தடவையும் சொன்னார். "கானும், நான் நிஜமாத்தான் சொல்றேன். வீட்டுல உடம்பு முடியாதவர் இருக்கார். கீழ் தெருவுல நிறுத்திக்கறது அவனுக்கு ஒண்ணும் பெரிசில்ல."

மஹ்லகாவின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது: சரி, கர்னல், எடுத்துடச் சொல்லுங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாஸி ஆபாத்தாக இருந்தால் ஜன்னலிலிருந்து "யார்றா அது, வண்டிய எடு" என்று ஒரு கத்தல், எடுத்திருப்பான், சாயங்காலம் அவனே வந்து சாப்பிட்டும் போயிருப்பான். ஆனால் அக்தஸ் சோபாவின் விளிம்பில் முதுகு ஒட்டாமல் உட்கார்ந்து, புன்சிரிப்போடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கிலிருந்து காசு சேர்த்து மேலே வந்தவர்கள், முதல் நாளே இடம் கேட்கிறார்கள், பதினாறு பேர் காது மடக்கிப் போகிற சந்தில் இவர்களுக்கு மட்டும் லாரி போக வேண்டும். அப்படி ஒரு பேச்சு எழுவதை மஹ்லகா நினைத்துப் பார்த்தாள். உபசாரத்தில் இவர்களுக்குத் தோற்கக் கூடாது என்று ஒரு வீம்பு வந்தது.

"உங்க மகன் எங்க மகன் மாதிரி. அந்த வண்டி அங்க இருந்தாத்தான் சந்துக்கு லட்சணம். இன்னொரு தடவ சொன்னீங்கன்னா நான் வருத்தப்படுவேன்."

கர்னல் தலை குனிந்து, நெஞ்சில் கைவைத்தார். இன்னொரு தடவை சொல்லவில்லை.

அவர்கள் போனதும் ஈரஜ் கேட்டார்: "லிஃப்ட அளந்தே, கக்கூஸ் கதவ அளந்தே, சந்த அளந்தே. அப்பறம் ஏன்டி?"

"மொத நாளே எப்படிச் சொல்றது? கிண்ணத்தத் திருப்பிக் குடுக்கப் போறப்ப பக்குவமா சொல்லிடறேன்."

கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. சர்க்கரைப் பாகில் தோய்த்த பாதாம் வாங்கி நிரப்பிக்கொண்டு போனாள். அக்தஸ் வாசலிலேயே கட்டிக்கொண்டாள். "உங்கள மாதிரி பெருந்தன்மை யாருக்கு வரும், கானும்? இந்தச் சந்துக்குக் குடிவந்தவங்க எல்லாருமே தங்கமானவங்க. ஒருத்தர்கூட அந்த வண்டியப் பத்தி ஒரு சொல் சொன்னதில்ல." மஹ்லகா பாதாமைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

அதற்குப்பின் அந்தத் தயக்கம் நாளுக்கு நாள் கெட்டிப்பட்டது. காரணம், கர்னல் நல்லவர். இலையுதிர் காலத்தில் ஈரஜுக்கு மூச்சு தெளிந்தது. மலைக்காற்று வேலை செய்தது. உதட்டில் நிறம் வந்தது. மஹ்லகா தேர்ந்தெடுத்த இடம் சரிதான் என்று நோசரே சொன்னான். காலையில் கர்னல் தமக்கு ரொட்டி வாங்கும்போது இவர்களுக்கும் சேர்த்து வாங்கி, அடுப்புக் கூழாங்கல் ஒட்டிய சூட்டோடு கொண்டுவந்து, அப்படியே பகடைப் பலகை முன் உட்கார்ந்துவிடுவார். கதவுக்கு வெளியே காயைத் தட்டும் சத்தமும் இரண்டு கிழவர்களின் ஏச்சும் கேட்டுக்கொண்டிருக்கும்.

"கர்னல், இந்த ஆட்டத்த வச்சுக்கிட்டா சண்டைக்குப் போனீங்க?"

"ஓய், உம்ம நுரையீரலுக்காக விட்டுக்குடுத்தேன்."

"நுரையீரல் தோத்துடுச்சு, நான் தோக்கல. பகடையப் போடுங்க."

ஈரஜுக்கு நாஸி ஆபாத்தில்கூட இப்படி ஒரு சிநேகிதர் இருந்ததில்லை. மஹ்லகா ஒருநாள் அவரையே கேட்டாள்: "நீங்களாவது சொல்லக்கூடாதா? விளையாட்டா சொல்றமாதிரி."

"எனக்கு ரொட்டி சுமந்துக்கிட்டு வர்றவர்கிட்ட வண்டிய எடுன்னா? நீதான் வருத்தப்படுவேன்னு சொன்னே. நீயே சொல்லு."

நோசர் தான் போய்ப் பேசுவதாகச் சொன்னான். "கியானூஷுக்கு என் வயசுதான். ரெண்டு நிமிஷ வேலை."

"வாய மூடு. நான் ஒண்ணு சொல்லிட்டு என் மகன வேற ஒண்ணு சொல்ல அனுப்பினேன்னு ஆகும். அக்தஸ் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அப்ப நீ சொல்லு."

"சொல்றேன். பனிக்கு முன்னாடி சொல்லிடறேன்."

மருத்துவமனையில் எத்தனையோ பேரிடம் அவள் கோபமாகச் சொல்லியிருக்கிறாள்: வலி வந்த அன்னிக்கே வராம இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தே? அவர்கள் தரையைப் பார்ப்பார்கள். ஏன் பார்த்தார்கள் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

பனி அந்த வருஷம் புகைக்குப் பின்னால் வந்தது. ஒரு வாரம் புகை மலைவரைக்கும் ஏறி நின்றது, தராபாத்தும் தப்பவில்லை. பிறகு பனி கொட்டி, புகையைக் கழுவி, இரவில் உறைந்தது. வியாழக்கிழமை. வார விடுமுறை என்று கியானூஷ் மனைவியின் காரில் குடும்பத்தோடு வடக்கே கடற்கரைக்குப் போயிருந்தான். வெள்ளை வண்டி தலையில் பனியோடு சுவரோரம் நின்றது.

மத்தியானம் ஈரஜ் பாதிச் சாப்பாட்டில் கரண்டியை வைத்தார். தோள்கள் காதுவரை ஏறின. மஹ்லகா பார்த்தவுடனே தெரிந்துகொண்டாள், ஆம்புலன்ஸை அழைத்தாள், பிறகு ஒரு கணத்தையும் வீணாக்கவில்லை. மேஜைமேல் தலையணையை அடுக்கி, முன்னால் சாய்த்து உட்காரவைத்தாள். மருந்தைப் புகையாக்கும் முகமூடியை மூக்கில் வைத்தாள். "என்னப் பாருங்க. உதட்டக் குவிச்சு, மெழுகுவத்திய அணைக்கறமாதிரி ஊதுங்க. மெதுவா. இன்னும் மெதுவா." பழக்கப்பட்ட கைகள். ஆம்புலன்ஸ் பக்கத்து நிலையத்திலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்டது. சங்கு நெருங்கி வருவது காதில் விழுந்தது. சந்து முனைக்கு வந்தது. அங்கேயே நின்று ஊதிக்கொண்டிருந்தது.

அவள் ஜன்னலைத் திறந்தாள். அந்த வீட்டில் அவள் வெளியே பார்க்க ஜன்னலுக்குப் போனது அதுதான் முதல் தடவை. கீழே ஓட்டுநர் இறங்கி, வெள்ளை வண்டியையும் மரத்தையும் பார்த்தான். கர்னல் மேல்கோட்டு இல்லாமல், வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். சாவி கடற்கரைக்குப் போகிற மகனிடம். மாற்றுச் சாவி எங்கே என்று அக்தஸ் மகனைத் தொலைபேசியில் பிடிக்கப் பார்க்கிறாள். மலைப்பாதையில் அவனுக்குத் தொடர்பு இல்லை. சந்துக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். சக்கரம் பூட்டியிருந்தது, உறைந்த பனியில் காலூன்ற முடியாமல் அவர்கள்தான் சறுக்கினார்கள்.

மேலே நோயாளி இருக்கிறார் என்றதும் ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை. மரத்தை உரசிக்கொண்டு நுழைத்துப் பார்த்தான். பின்சக்கரம் பனிக்கட்டியில் வழுக்கி, ஆம்புலன்ஸ் பக்கவாட்டில் சாய்ந்து, முன்சக்கரம் வெள்ளை வண்டிக்கு முன்பாகவே கால்வாய்க்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

ஆம்புலன்ஸில் வந்த இன்னொருவன் பையையும் சின்ன ஆக்ஸிஜன் உருளையையும் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வந்தான். இளைஞன், கன்னமெல்லாம் சிவந்து மூச்சு வாங்கியது. ஈரஜைப் பார்த்ததும், மஹ்லகா உட்காரவைத்திருந்த விதத்தைப் பார்த்ததும், "கை நோகாம இருக்கட்டும் அம்மா, எல்லாம் சரியா பண்ணியிருக்கீங்க," என்றான். "ரெண்டாவது வண்டி வரச் சொல்லியாச்சு. அதுக்குள்ள முனைக்கு இறக்கிடுவோம்."

ஈரஜை ஸ்ட்ரெச்சரில் சாய்த்து லிஃப்டுக்குள் தள்ளினார்கள். கால்கள்கூட வெளியே நீட்டவில்லை.

"நல்ல லிஃப்ட்," என்றான் இளைஞன். "பாதி வீடுங்கள்ல இது கிடையாது."

மஹ்லகா ஈரஜின் கையைப் பிடித்திருந்தாள். நகங்கள் சாம்பல் நிறம்.

வாசலுக்கு வெளியே மேடு முழுக்கக் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. சக்கரங்களை நம்ப முடியாது. நாலு பேர் தூக்கினார்கள். கர்னல் ஒரு மூலையைப் பிடித்தார், அவருடைய வயதுக்கு அதை யாராவது தடுத்திருக்க வேண்டும். யாரோ முன்னால் உப்பைத் தூவிக்கொண்டே பின்னோக்கி நடந்தார்கள். ஒவ்வோர் அடியாக வைத்து இறங்க வேண்டியிருந்தது. நாஸி ஆபாத் படிகளில் கம்பளியில் இறக்கினதுதான் மறுபடியும். கீழே விரிந்திருந்த மருத்துவமனைக் கூரை மட்டும் புதிது. ஈரஜ் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். கர்னலின் முகம் மேலே தெரிந்தபோது எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மஹ்லகா குனிந்தாள்.

"பேசாதீங்க. ஊதுங்க."

அவர் ஊதினார். சினார் மரத்தடிக்கு வந்தபோது ஊதவில்லை.

இளைஞன் வெள்ளை வண்டிக்கும் சாய்ந்த ஆம்புலன்ஸுக்கும் நடுவில் பனியில் முழங்காலிட்டு நெஞ்சை அழுத்தினான். அவன் களைத்தபோது மஹ்லகா அவனை விலக்கிவிட்டுத் தானே அழுத்தினாள். எப்படி அழுத்த வேண்டுமென்று அவளுக்குத் தெரியும். எப்போது நிறுத்த வேண்டுமென்பதும் தெரியும். இரண்டாவது ஆம்புலன்ஸ் பெரிய தெருவில் வந்து நின்றபோது அவள் நிறுத்திவிட்டு, ஈரஜின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் வீடு நிரம்ப ஆட்கள். பேரீச்சம்பழமும் அல்வாவும் சுற்றிவந்தன. ஆக்ஸிஜன் இயந்திரத்தை யாரோ சுவரோரம் தள்ளித் துணி போர்த்தியிருந்தார்கள். சந்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மஹ்லகாவின் காதோடு சொன்னார்கள்: எங்களுக்கும் அந்த வண்டியப் பத்திச் சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு, குடிவந்த அன்னிக்கு அவர் கேட்டார், நாங்கதான் பரவால்லன்னுட்டோம். எதிர்வீட்டுக்காரர், மேல்வீட்டுக்காரர், கடைசி வீட்டு இளம் தம்பதி. எல்லோரிடமும் கர்னல் மூன்று தடவை கேட்டிருக்கிறார். எல்லோரும் மூன்று தடவை மறுத்திருக்கிறார்கள்.

நோசர் தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு, அம்மா இருக்கும் அறைக்குள் வராமல் நடமாடினான்.

கூட்டம் கலைந்தபின் கர்னல் வந்தார். காலணியில் சேறு. முதுகு வளைந்திருந்தது. பகடைப் பலகை மூடிக் கிடந்த மேஜையைப் பார்க்காமல் நின்றார்.

"கானும், எங்கள மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கறதுக்கு என்ன இருக்கு, கர்னல்? உட்காருங்க, தேநீர் சாப்பிடுங்க."

"வேண்டாம். என் மகன் வண்டி அங்க நின்னிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

"அவரோட நேரம் முடிஞ்சுது. வண்டி என்ன பண்ணும்? நீங்க அவருக்கு அண்ணன் மாதிரி இருந்தீங்க."

கர்னல் கண்ணீரைத் துடைக்கவில்லை. அது அப்படியே வடிந்தது. "கானும், இது மூணாவது தடவை. நிஜமாத்தான் கேக்கறேன். நீங்க என்னத் திட்டினாக்கூட வாங்கிக்கறேன். ஒரு வார்த்தை சொல்லுங்க."

மஹ்லகா வாயைத் திறந்தாள். உங்க வண்டிதான். இல்ல, என் வாய்தான். ரெண்டுல ஒண்ணாவது சொல்லு என்று தன்னையே அதட்டினாள். மன்னிச்சேன் என்று சொல்ல வேண்டுமானால் குற்றம் இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். சமையலறை வாசலில் அக்தஸ் அல்வாத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நிழல் எங்க தலைமேல குறையாம இருக்கட்டும், கர்னல்," என்றாள் மஹ்லகா.

அவர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். போய்விட்டார். மறுநாளிலிருந்து ரொட்டியும் வரவில்லை.

வெள்ளை வண்டியைக் கியானூஷ் வந்த அன்றே கீழ்த் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டான். சுவரோரம் அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. நோசர் வீட்டை விற்கச் சொல்லிப் பெஹ்ரங்கிடம் பேசியிருந்தான். இடத்தில் குறை ஒன்றும் இல்லை, சீக்கிரம் போய்விடும் என்று பெஹ்ரங் சொன்னானாம்.

அந்த வாரம் நகராட்சிக் குப்பை லாரி முதல் தடவையாகச் சந்துக்குள் ஏறி, வாசல்வரைக்கும் வந்து, அங்கேயே சுலபமாகத் திரும்பியது. மஹ்லகா மருந்துச் சீட்டுகளும் காலி உறைகளும் அடைத்த பையை லிஃப்டில் வைத்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். லாரி மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் எதையும் உரசாமல் இறங்கிப் போனது.